வண்டி வரட்டும் என்றார்கள்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். தெரியாதவர்கள் பத்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டு சொல்வார்கள். இருக்கட்டும். ஆம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் நான் மருத்துவச்சியாக இருந்த காலத்தில், இந்த வாயும் ஒரு பழைய சைக்கிளும் இல்லாமல் போயிருந்தால் இன்றைக்கு நடமாடுகிற சில பேர் பிறந்திருக்கவே மாட்டார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். தன்னடக்கம் எனக்கு எப்போதுமே அளவு சரியில்லாத ரவிக்கை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மருத்துவச்சி தானாக ஒரு வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்த்துவிட முடியாது. பிரசவ வீட்டார் வண்டி அனுப்ப வேண்டும். அந்த வண்டியில் ஏறித்தான் போக வேண்டும். ஏழை வீடாக இருந்தாலும் பக்கத்து வீட்டில் கட்டை வண்டியை இரவல் வாங்கி அனுப்புவார்கள். தோல் மண்டி வைத்திருக்கும் பெரிய சாயபுமார் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மெத்தை போட்ட வில்வண்டி வரும். முன்னும் பின்னும் திரை தொங்கும். மாட்டுக் கழுத்தில் பித்தளை மணி. நான் பர்தா போடுகிறவள் இல்லை. ஆனால் அவர்கள் வண்டியில் ஏறினால் நானும் அந்த வீட்டுப் பெண் கணக்குத்தான். ஏறும்போது வண்டிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வீட்டு வாசலில் இறங்கும்போது இரண்டு ஆட்கள் வெள்ளைத் துப்பட்டியை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பார்கள். நடுவே நான் மகாராணி போல நடந்து உள்ளே போவேன். வருஷக்கணக்காகப் போய்வந்த வீடுகளில்கூட ஆண்கள் ஒருவருக்கும் என் முகம் தெரியாது.

மரியாதை என்னவோ பெரிய மரியாதைதான். ஆனால் ஆறு மைல் தள்ளியிருக்கிற ஊரிலிருந்து வண்டி என்னைத் தேடி வர இரண்டு மணி நேரம். என்னை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போக இன்னொரு இரண்டு மணி நேரம். மாடு தண்ணீர் குடிக்க வேண்டும், வண்டிக்காரன் பீடி குடிக்க வேண்டும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் யார் சொல்வது?

ஒரு தடவை பாலாற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு வீட்டார் ஆள் விட்டுச் சொன்னார்கள், வண்டி பின்னால் வருகிறது என்று. நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். வண்டி ஆற்று மணலில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது தாய் பிழைத்திருந்தாள். குழந்தையை முகம்கூடத் தெரியாமல் துணியில் மூடிச் சுற்றி வைத்திருந்தார்கள். நடந்தே போயிருந்தால் முன்னாலேயே போயிருப்பேன். வண்டி வரும் என்று உட்கார்ந்திருந்தேனே, அந்த உட்கார்ந்திருந்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதற்கப்புறம்தான் வேலூரில் எனக்குப் பிரசவ வேலை கற்றுக் கொடுத்த டாக்டரம்மாவிடம் போய், அவர் மூலையில் சாத்தி வைத்திருந்த சைக்கிளைக் கேட்டேன். நடுவில் தாழ்ந்த கம்பி வைத்த, பெண்கள் ஓட்டுகிற சைக்கிள். துரு ஏறியிருந்தது. மணி இல்லை. சங்கிலிக்கு மூடி இல்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஏதாவது ஒரு வீட்டிலிருந்து, ஒரே ஒரு வீட்டிலிருந்து, மருத்துவச்சி மரியாதையில்லாமல் வந்தாள் என்று புகார் வந்தாலும் சைக்கிள் அன்றைக்கே திரும்பி வந்துவிட வேண்டும். ஊரைப் பகைத்துக்கொண்டால் யாரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர் கவலை. அந்தக் கவலை நியாயமானதுதான்.

சைக்கிள் கற்றுக்கொண்ட கதை தனிக் கூத்து. என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்கு மேஸ்திரி. யாரும் பார்க்காத இடமாக வேண்டும் என்று அவர் என்னை முதலில் பாலாற்று மணலுக்கு அழைத்துப் போனார். மணலில் சக்கரம் உருளுமா? நான் மிதிக்க மிதிக்க சைக்கிள் பூமிக்குள் இறங்கியது. "ரெண்டு ஆள் போட்டு இழுத்தாலும் வராது போலக்கீதே" என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. பிறகு அவர் வேலை செய்யும் டேனரியிலேயே ஓட்டிப் பழகினேன். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. முற்றத்தில் வரிசையாகக் கம்பு கட்டித் தோல் காயப் போட்டிருப்பார்கள். இரண்டு வரிசைக்கு நடுவே ஓட்ட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் ஈரத்தோல் முகத்தில் பளாரென்று அறையும். விழுந்தால், தோலை ஊறப்போடுகிற ஆவாரம்பட்டைக் குவியலில் விழுவேன். அடி படாது, ஆனால் அந்த வாடை மூன்று குளியலுக்குப் போகாது. ஐந்து வெள்ளிக்கிழமையில் ஓட்டக் கற்றேன். சங்கிலி என் புடவையைத் தின்றுகொண்டே இருந்ததால் கழித்துப் போட்ட தோல் துண்டு ஒன்றை வெட்டி என் வீட்டுக்காரரே அதற்கு ஒரு மூடி தைத்தார். சிரித்த மனிதர்தான், ஆனால் அந்தத் தையல் ஒன்றுகூடப் பிரிந்ததில்லை.

சைக்கிள் வந்துவிட்டதே தவிர, வழக்கம் மாறவில்லை. பக்கத்துத் தெருக்களுக்கு ஓட்டிப் போனேன். வெளியூர் வீடுகளுக்கு வண்டிதான் வந்தது. வண்டி வந்த பிறகு நான் சைக்கிளில் வருகிறேன் என்றால் வண்டிக்காரன் அழுகிற முகமாக நிற்பான். வெறும் வண்டியோடு போனால் அவன் வேலை போய்விடும் என்பான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்காருவேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நாள் வந்தது. அதைக் கொண்டுவந்தது மோட்டார் பஸ்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் அப்போது பஸ் விட ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஜனங்களுக்கு அது இன்னும் பழகவில்லை. வீட்டுக்குள் நுழைவது போல நினைத்துக்கொண்டு சிலர் செருப்பை ரோட்டிலேயே கழற்றி விட்டுவிட்டு ஏறுவார்கள். வேலூரில் இறங்கிய பிறகுதான் காலைப் பார்ப்பார்கள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் ஒரு நாள் காலை ஒன்பதரை மணி வாக்கில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாதனூரைத் தாண்டி வர்றப்போ ஒரு வில்வண்டிம்மா. வண்டிக்காரன் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினான். மண்டிக்கார பாய் வூட்டு மருமகளுக்கு வலி எடுத்துடுச்சாம். விடியறப்பவே புடிச்சுக்கிச்சாம். வண்டி வந்துக்கினு இருக்குது, உங்களை ரெடியா இருக்கச் சொன்னான்."

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். இருபது வயதுகூட ஆகவில்லை. இரண்டு பிரசவம் ஆகி இரண்டும் தங்கவில்லை. போன மாதம் அவர்கள் வண்டியிலேயே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். குழந்தை தலை மேலேயும் கால் கீழேயுமாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாட்டி நீங்க இருப்பீங்கல்ல?" என்று கேட்டாள். இருப்பேன் என்று சொல்லியிருந்தேன்.

"உங்க பஸ் எப்போ திரும்புது?" என்று கேட்டேன்.

"மூணு மணி ஆகும்மா. ஆளு சேரணும்ல."

பஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்திக்கொண்டு வந்து சேதி சொல்லியிருக்கிறது. எதற்கு? நான் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து காத்திருப்பதற்கு! மோட்டாரில் சேதி அனுப்பி, மாட்டில் ஆளைக் கூப்பிடுகிறார்கள். வண்டி வந்து, மாடு தண்ணீர் குடித்து, நான் ஏறிப் போய்ச் சேர மத்தியானம் ஒன்றரை ஆகிவிடும். துணியில் சுற்றிய அந்தக் குழந்தை என் கண் முன்னால் வந்தது. சைக்கிள் போனால் போகட்டும் என்று முடிவு செய்தேன். பெட்டியைப் பின்னால் கட்டினேன், புடவையை இழுத்துச் செருகினேன், வீட்டைப் பூட்டினேன்.

பெரிய ரோட்டில் புளியமரங்களுக்கு அடியில் நான் அன்றைக்கு ஓட்டிய ஓட்டம் அதற்கு முன்னால் ஓட்டியதில்லை. மணி இல்லாததால் வாயாலேயே கத்தி வழி வாங்கிக்கொண்டு போனேன். "ஓரம்! ஓரம்! பிரசவம்!" என்று கத்தினால் யார்தான் விலக மாட்டார்கள்? பட்டை ஏற்றிய வண்டிகள் ஒதுங்கின. ஒரு பன்றிகூட ஒதுங்கியது.

பாதி வழியில் எதிரே மணிச் சத்தம் கேட்டது. அந்த வில்வண்டியேதான். நான் ஒரு காலை ஊன்றி நின்று, "யோவ், நான்தான் மருத்துவச்சி! வண்டியைத் திருப்பு!" என்று கத்தினேன். வண்டிக்காரன் என்ன செய்தான் தெரியுமா? எதிரே ஒரு பெண் நிற்கிறாள் என்று கண்டதும் மரியாதையாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்குச் சொல்லியிருந்தது ஆம்பூரில் இன்ன வீட்டிலிருந்து மருத்துவச்சியை ஏற்றி வா என்று. நடுரோட்டில் சைக்கிளோடு நிற்கிற பைத்தியக்காரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மாடுகள் மட்டும் என்னைப் பார்த்தன. பார்த்து மிரண்டு, வண்டியைக் கம்பங்கொல்லைக்குள் இழுத்துக்கொண்டு போயின. அவனோடு வாதாட எனக்கு நேரமில்லை. மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

மண்டிக்காரர் வீட்டை அடைந்தபோது மணி பத்தரை தாண்டியிருந்தது. வேர்வையில் தலை முதல் கால் வரை நனைந்திருந்தேன். முகமெல்லாம் ரோட்டுப் புழுதி. வாசலில் துப்பட்டியோடு இரண்டு ஆட்கள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வீட்டுப் பெரியவர், அதாவது அந்தப் பெண்ணின் மாமனார், வெள்ளைத் தாடியும் கையில் சங்கிலி போட்ட கடிகாரமுமாக வெளியே வந்தார்.

"யாரும்மா நீ? இன்னா வேணும்?"

"மருத்துவச்சி பாய். ஆம்பூர்லேர்ந்து வர்றேன்."

"மருத்துவச்சி வண்டியில வந்துக்கினு இருக்காங்க."

"வண்டி என்னைக் கூப்பிடப் போய்க்கினு இருக்கு பாய். நான் அதுக்கு முன்னாடி வந்துட்டேன்."

அவர் சைக்கிளைப் பார்த்தார். என் புழுதிக் காலைப் பார்த்தார். தெருவில் நாலு வீட்டு ஜன்னல் திரை அசைவதையும் பார்த்தார். அவர் நம்பாமல் இல்லை. நம்பியதுதான் அவருக்குச் சங்கடம்.

"அம்மா, தப்பா நெனைக்காதே. என் மருமகளுக்குன்னு புது மெத்தை போட்டு வண்டி அனுப்பியிருக்கேன். மருத்துவச்சி தானா சைக்கிள்ல வந்து எறங்கினான்னு நாளைக்குத் தெருவில இன்னா பேசுவாங்க? இந்த வூட்டுக்கு ஒரு வண்டிகூடவா இல்லாம போச்சும்பாங்க. மொதல் ரெண்டும்தான் அப்படி ஆயிடுச்சு. இந்த வாட்டி எல்லாம் முறையா நடக்கணும். கொஞ்சம் குந்து. வண்டி வரட்டும்."

வண்டி வரட்டும்! ஆம்பூரில் பூட்டிய வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிற வண்டி! எனக்கு வந்த கோபத்தில் டாக்டரம்மா, புகார், நிபந்தனை எல்லாம் பறந்து போயிற்று.

"அப்படியா பாய்? அப்ப உள்ளே போய் உங்க மருமக கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வாங்க. வண்டி வர்ற வரைக்கும் வலியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. அவ சரின்னா எனக்கும் சரி. சாயந்திரம் வரைக்கும் குந்தறேன்!"

சுவரைப் பார்த்து நின்ற இரண்டு ஆட்களில் ஒருவனுக்குத் தோள் குலுங்கியது. பெரியவரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் முகம் சிவந்தது. அதே நேரம் உள்ளேயிருந்து அந்தப் பெண் அலறிய சத்தம் வந்தது. அடுத்த நொடி திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். அவருடைய மனைவி. வெளி ஆட்கள் இருக்கும்போது அந்த அம்மாள் மூச்சுவிடும் சத்தம்கூட வாசலுக்குக் கேட்காது.

"அவங்கதான்! போன மாசம் வந்தவங்க. முகம் பார்க்கவே தேவையில்ல, அந்த வாய் போதும். ஜல்தி உள்ளே அனுப்புங்க! வண்டி மரியாதையை அப்பறமா பார்த்துக்கலாம், புள்ளைய மொதல்ல பார்க்கலாம்!"

பெரியவர் அந்த ஆட்களைப் பார்த்து, "துப்பட்டியைப் புடிங்கடா" என்றார். அவர்களுக்குப் புரியவில்லை. வண்டி இல்லையே, எங்கே பிடிப்பது? "சைக்கிளைச் சுத்திப் புடிங்கடா!" என்று அதட்டினார். அவ்வளவுதான். சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைத் துப்பட்டி விரிந்தது. நடுவே நான் அதைத் தள்ளிக்கொண்டு உள்வாசல் வரைக்கும் போனேன். எங்கள் ஜில்லாவில் பர்தாவுக்குள் போன முதல் சைக்கிள் அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே நடந்ததை நீட்டிச் சொல்லப் போவதில்லை. கால்தான் முதலில் வந்தது. உடம்பு வந்தது, கைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். தலை நின்றுவிட்டது. அந்த மாமியார் மருமகளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்குக் கற்றுக் கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தேன். தலையும் வந்தது. பெண் குழந்தை. வெளுத்துப்போய், துவண்டு, சத்தமே இல்லாமல் கிடந்தது. வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்தேன், வாயோடு வாய் வைத்து ஊதினேன். "இருப்பேன்னு சொன்னேன்ல, வந்துட்டேன்ல, நீயும் இருடீ" என்று அந்தச் சிசுவையும் திட்டினேன். பள்ளிவாசலில் மத்தியானப் பாங்கு தொடங்கியது. பாங்கு முடிவதற்குள் குழந்தை ஒரு தடவை விக்கியது. அப்புறம் அழுதது பாருங்கள், என்னைவிடப் பெரிய வாய்! நான் அப்போதுதான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

குழந்தையைத் துடைத்து வெளியே அனுப்பினோம். பெரியவர் அதன் காதில் பாங்கு சொல்லும் சத்தம் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. நடுவில் இரண்டு தடவை குரல் நின்று நின்று வந்தது.

தாயை விட்டு உடனே கிளம்ப முடியாது. சாயந்திரம் வரை கூடவே இருந்தேன். அப்போதுதான் எனக்கு டாக்டரம்மாவின் நிபந்தனை ஞாபகம் வந்தது. வாசலில் தெருவே கேட்கப் பேசிவிட்டேன். பெரியவர் வேலூருக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் போதும். குழந்தை பிழைத்ததே, இனி சைக்கிள் போனாலும் போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. போகக்கூடாது, இன்னும் எத்தனையோ வீடு இருக்கிறதே என்று இன்னொரு மனம் அடித்துக்கொண்டது.

நாலு மணிக்கு மேல் தெருக்கோடியில் மணிச் சத்தம் கேட்டது. வில்வண்டி திரும்பி வந்துவிட்டது, காலியாக. வண்டிக்காரன் என் பூட்டிய வீட்டு வாசலில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறான். மருத்துவச்சி இல்லாமல் வரக்கூடாது என்பது அவனுக்கு உத்தரவு. சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கமாக வந்த பஸ் கண்டக்டர், நான் சைக்கிளில் போய்விட்டேன் என்று சொன்ன பிறகும் நம்பாமல், பக்கத்து வீட்டில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறான்.

பெரியவர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டனுப்பினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். அவர் கடிகாரத்தை எடுத்துத் திறந்தார்.

"வண்டியில வந்திருந்தா எத்தனை மணிக்கு வந்திருப்பே?"

"ஒன்றரை ஆயிருக்கும் பாய்."

"கொழந்தை பொறந்தது பாங்கு நேரத்தில." அவர் கடிகாரத்தை மூடிப் பையில் போட்டுவிட்டு வண்டியிடம் போனார். வலது பக்கத்து மாட்டின் கழுத்திலிருந்து பித்தளை மணியைத் தன் கையாலேயே அவிழ்த்தார். என் சைக்கிளின் கைப்பிடியில் அதை வைத்து, தோல் வாரால் இறுக்கிக் கட்டினார். தோலில் முடிச்சுப் போட அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டது.

"இப்ப இதுவும் என் வண்டிதான்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "என் வூட்டுப் புள்ளைக்கு மருத்துவச்சி என் வண்டியிலதான் வந்தா. எவனாச்சும் கேட்டா சொல்லுங்க. எந்த வூட்டுக்குப் போனாலும் இதுல போம்மா. வேணாம்னு எவனாச்சும் சொன்னா என் பேரைச் சொல்லு."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரே ஒரு தடவை நடந்தது.

முறைக்காக வில்வண்டியும் கிளம்பியது. ஆனால் பின்னால். புது மெத்தையில் என் பெட்டி மட்டும் திரை போட்டுக்கொண்டு வந்தது. முன்னால் நான், பெரிய ரோட்டில், மாட்டு மணி அடிக்க மிதித்துக்கொண்டு போனேன். மணிச் சத்தம் கேட்டு வழியெல்லாம் ஜனங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள், ஏதோ பெரிய வீட்டு வண்டி வருகிறது என்று. வந்தது நான்தான்.